சுவரில் முதல் ஆள்

திருவொற்றியூர் மைதானத்தில் மாலை வெயில் கண்ணில் குத்துகிறது. தடுப்பாட்டக்காரன் பீம்ராவுக்கு முப்பத்தைந்து வயது; இன்று கோட்டை விட்டால் கிளப் அவனைக் கழற்றிவிடும். அவன் அணிக்கு ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம், எதிரணிக்கு ஃப்ரீ கிக். ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுவராக நிற்கிறார்கள். பந்துக்கு நேரே பீம்ராவ் நிற்கிறான். பந்தை வைத்துவிட்டு எதிரணி தவ்ஃபீக் இளிக்கிறான். “இன்னா மாமு, ரெண்டு தபா ஒட்ஞ்ச மூக்காச்சே! திரும்பி நின்னுக்கோ.” “மூணாவது தபாவும் ஒடையட்டும் நைனா. பந்து என்னியத் தாண்டாது.” சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று அலறுகிறது. நடுவர் விசில் ஊதுகிறார். மற்ற நால்வரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தவ்ஃபீக்கின் கால் பந்தில் படுகிறது. பீம்ராவ் கண்ணைக்கூட மூடாமல் அதை நோக்கிப் பாய்கிறான்.