சர் கிளீட்டஸ் களத்தில் இறங்குகிறார்

"ஓகேச்சி அப்பா, உங்க காலுறையைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். நாளைக்கு ஆட்டத்துக்கு ஆகும்" என்றாள் மனைவி.

கிளீட்டஸ் அன்யாடிகே வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது. ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்தின் வெள்ளி என்பதால் தொட்டுக்கொள்ளும் சூப்பில் இறைச்சி இல்லை. அந்தத் துக்கம் போதாதென்று இது வேறு.

போன வருஷம் ஆயர் கையால் வாளும் இறகுத் தொப்பியும் வாங்கி, திருச்சபையின் வீரப் பட்டத்தோடு 'சர்' ஆனவர் அவர். ஓவெர்ரி ஊரில் பால்காரன்கூட 'சர்' போடாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். சூசையப்பர் திருவிழாவை ஒட்டிப் பங்குக் கோயிலில் அப்பாக்களுக்கும் இளைஞர்களுக்கும் கால்பந்து நடக்கும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் எழுந்து, தொப்பி இறகு ஆட, "முன்வரிசையில் நானே ஆடுவேன்" என்று அறிவித்துவிட்டார். கோயிலே கைதட்டியது.

அவர் அறிவித்தது மனைவி பெர்ப்பெத்துவாவை நம்பி. மோட்டார் சைக்கிள் வாங்குகிறேன் என்றபோது கூடாது என்றாள். தேர்தலில் நிற்கிறேன் என்றபோதும் கூடாது என்றாள். "என்ன பண்றது, வீட்ல விடல" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே வீரராக வலம்வந்தவர். இந்தத் தடவை அந்த 'கூடாது' இன்னும் வந்து சேரவில்லை. ஆட்டமோ விடிந்தால்.

"முழங்கால் கொஞ்சம் பிடிக்குது" என்றார், கூரையைப் பார்த்து.

"ராத்திரி எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

"மழை வரும்போல இருக்கு. மைதானமெல்லாம் சேறாயிடும்."

"சேத்துல விழுந்தா அடி படாதுங்க."

"எதிரணியில கறிக்கடைக்காரன் பையன் சொபேச்சி ஆடறான். போன வருஷம் உபதேசியார் பல்லு போனது அவனாலதான்."

பெர்ப்பெத்துவா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "அந்தப் பல்லு முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்துச்சாம்" என்றாள்.

கிளீட்டஸ் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பட்டம் வந்த பிறகு மனைவிக்குத் தன்மேல் மரியாதை கூடிவிட்டதாகச் சில வாரங்களாக நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள் என்று மார்தட்டினார். அந்த மரியாதை ஆளையே காவு வாங்கும் என்று யார் கண்டது?

கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"டாக்டர் என்னை மாடிப்படியே ஏறக் கூடாதுன்னிருக்கார். ரத்த அழுத்தம். தெரியுமில்ல?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானைத் துணியின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"உங்க உடம்பைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"ஓடும்போதே நெஞ்சு அடைச்சு நான் விழுந்துட்டா?"

"தொப்பியும் வாளும் பெட்டியில கூடவே வைக்கச் சொல்லிடறேன்."

"அடிப் பாவி, நான் சாகறதுக்கு நாள் குறிச்சுட்டியா?"

பார்த்தால் அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. அதோடு சர் கிளீட்டஸின் சர் இறங்கிப்போனது. வெறும் கிளீட்டஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பெர்ப்பெத்துவா, எனக்குப் பயமா இருக்கு. நான் பந்தைத் தொட்டே இருபது வருஷமாச்சு. நீ தடுப்பேங்கற தைரியத்துலதான் வாயை விட்டேன். எப்பவும் தடுக்கறவ, இப்ப என்ன வந்துச்சு உனக்கு? ஒரே ஒரு தடவை கூடாதுன்னு சொல்லேன். வெளியில போய் நான் பார்த்துக்கறேன்."

"நாக்கு நுனியில நிக்குதுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து நின்னப்பவே தொண்டை வரைக்கும் வந்துச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அப்புறம் சொல்றதுக்கென்ன?"

"தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன் அன்னைக்கு ஃபாதர் என்ன சொன்னார்? உங்களுக்கு எது ரொம்ப ரொம்பப் பிடிக்குமோ அதைத் தவக்காலம் முடியறவரைக்கும் விட்டுடுங்கன்னார். நீங்க பீரை விட்டீங்க. நான் கறியை விடலாமா, இனிப்பை விடலாமான்னு யோசிச்சுப் பார்த்தேன். உங்ககிட்ட கூடாதுன்னு சொல்றதைவிடப் பிடிச்சது எனக்கு இந்த உலகத்துல ஒண்ணுமே இல்லைங்க. பீடத்துக்கு முன்னாடி வாக்குக் கொடுத்துட்டேன்."

ஆட்டம் நாளைக்கு. ஈஸ்டரோ அடுத்த மாதம்.