பதினேழாம் பாட்டு நிறுத்திய கல்யாணம்

"காதல் பாட்டைப் படிச்சு லட்சம் பேர் கல்யாணம் பண்ணியிருப்பாங்க. அதே காதல் பாட்டால ஒரு கல்யாணத்தையே நிறுத்தினவ இந்த இங்கிலாந்துலயே நான் ஒருத்திதான்," என்றாள் மேவிஸ் ஓக்ஸ், கேக்குத் துண்டை வாயில் அடைத்தபடி.

விட்காம் நூலக மாடியில் கூடியிருந்த பென்னக் சங்கத்தார் மற்ற ஆறு பேரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

தியோடோரா பென்னக் விக்டோரியா மகாராணி காலத்துக் கவிஞர். தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அவர் எழுதிய முப்பத்தொரு காதல் பாட்டுகளும் நூற்றைம்பது வருஷமாக நாட்டை விட்டபாடில்லை. வாழ்த்து அட்டை, தலையணை உறை, பாத்திரம் துடைக்கும் துணி, எங்கே திரும்பினாலும் அவர் வரிதான். பதினேழாம் பாட்டைப் படிக்காமல் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிக்குக் குறட்டை வியாதி நிச்சயம் என்று மேவிஸ் சத்தியமே செய்வாள்.

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும். மேவிஸ் எழுதிக் கொடுத்த பக்கத்தைச் செயலாளர் செட்ரிக் ஹோல், செத்த எலியைத் தூக்குவதுபோல், இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தலைவர் வழியா சொல்றேன்," என்று ஆரம்பித்தார். அந்தச் சங்கத்தில் யார் எதைச் சொன்னாலும் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். செட்ரிக் மட்டும் அதை ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். தலைவருக்கும் அவருக்கும் ஏதோ பழைய அலமாரிச் சாவித் தகராறு என்று ஊரில் பேச்சு.

"இது பச்சைப் பொய். போன கூட்டத்துல, ஒரே நாள்ல அறுபது கல்யாணம் நடத்தி வச்சேன்னாங்க. இப்ப நம்ம கவிஞர் பாட்டையே அசிங்கப்படுத்தறாங்க. இவங்களைச் சங்கத்தை விட்டு நீக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

மேவிஸ் மீதிக் கேக்கைத் தட்டில் வைத்தாள். கல்யாணப் பதிவாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம். இந்தச் சங்கத்தை விட்டால் அவளை எதிர்பார்த்து நாற்காலி போட்டு வைக்கிறவர் பல் டாக்டர் ஒருவர்தான்.

"எதுய்யா பொய்? பதிவு அலுவலகக் கல்யாணத்துல சாமி பேரே வரக் கூடாதுங்கறது அப்போ சட்டம். பதினேழாம் பாட்டுல கடைசி வரியில ஆண்டவன் வந்து நிக்கறார். பொண்ணு படிச்சுக்கிட்டே வந்தா. அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டுப் படிம்மான்னேன். அவ சரின்னுட்டா. மாப்பிள்ளைதான், பாட்டுல கை வச்சா கொலைன்னு கத்திட்டு எழுந்து போயிட்டான். பாவம், அவ மூணு நாள் அந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தா."

"நாப்பது நிமிஷம்னு திருத்திக்குங்க," என்றார் தலைவர் மிஸ் ரோவினா பிரைஸ், குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல். "அதுக்குள்ள அடுத்த ஜோடி வந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். செட்ரிக் சிரிக்கவில்லை.

"அந்த ஜோடி பேரைச் சொல்லச் சொல்லுங்க."

"எட்டாயிரம் ஜோடி பார்த்தவ நான். மூஞ்சியையா பார்ப்பேன், கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். நடக்காத கல்யாணத்துக்குப் பதிவேட்டுல பேரும் ஏறாது."

"ஆக, சாட்சி இல்லை. ஒரு வார்த்தைக்காகக் கட்டிக்கப்போற பொண்ணை விட்டுட்டுப் போற முட்டாள் உலகத்துலயே கிடையாது."

"போன மாசம் ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சுன்னு அச்சகத்துக்காரரை அழ வச்சவர் பேசற பேச்சா இது?" என்றாள் மேவிஸ்.

"ஓட்டுக்கு விடுங்க," என்று ஜன்னலிடம் உறுமினார் செட்ரிக்.

நீக்க வேண்டும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. கூடாது என்று இரண்டு. மேவிஸ் தனக்குத் தானே ஒரு கையைத் தூக்கிக்கொண்டாள். அதையும் சேர்த்தால் மூன்றுக்கு மூன்று. இனி தலைவரின் ஓட்டுதான் முடிவு.

மேவிஸ் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மிஸ் பிரைஸ் தன்னோடு பேசியதெல்லாம் சந்தாவைப் பற்றித்தான். அந்த அம்மாள் பொய்க்குப் பரிந்துகொண்டு வருகிற ரகம் இல்லை.

மிஸ் பிரைஸ் பேனாவை மூடினார்.

"ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி செயலாளரை ஒண்ணு கேக்கணும். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, மிஸ்டர் ஹோல். சொல்லிட்டா மிசஸ் ஓக்ஸை இப்பவே அனுப்பிடறேன்."

செட்ரிக் ஜன்னலை விட்டுத் திரும்பினார். மேவிஸ் எழுதிய பக்கத்தை மெல்ல மேஜைமேல் வைத்து, கசங்கிய ஓரத்தை நீவிவிட்டார். தலைவர் வழியாக என்று அவர் ஆரம்பிக்கவில்லை.

"நடந்தது, ரோவினா. நீ தேடிக்கிட்டு வருவேன்னு எதிர்ல பஸ் நிறுத்தத்துலயே உட்கார்ந்திருந்தேன்."