வாசல் பார்த்த நாற்காலி

"இதுக்கு முன்னாடி பேங்க்ல வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. வேலை தேடி மதுரை வரைக்கும் போயிட்டேன். எல்லாரும் இதையே கேட்டுத்தான் திருப்பி அனுப்புனாங்க," என்றான் சதக்.

கீழக்கரையில் புதிதாகத் திறந்திருந்த தனியார் பேங்கின் மேனேஜர் சிரித்தார். "வாப்பா பேரு?"

"ஹமீது சுல்தான்."

"நாளைக்கே வந்துடுங்க."

சதக்குக்கு வாசலைப் பார்த்த நாற்காலி. கணக்கு கற்றுத் தரச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் மேனேஜர், "அவசரமில்லை தம்பி. வர்றவங்களுக்கு சலாம் சொல்லி உக்கார வைங்க, போதும்," என்றார். வந்தவர்களும் அவனைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டினார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்து அவன் வேலைக்குப் போனபோது பேங்க் பூட்டியிருந்தது. மேனேஜர் பணத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார்.

பணம் போட்டவர்கள் நேராக அவன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது காக்கா. நான் வெறும் குமாஸ்தா," என்றான் முன்னால் நின்ற பெரியவரிடம்.

"தோணியேறிக் கொழும்புக்குப் போறப்பல்லாம் ஒங்க வாப்பாகிட்டதான் பணத்தை நம்பி அமானிதமாக் குடுத்துட்டுப் போவோம். ஒரு காசு கொறஞ்சதில்லை," என்றார் அவர். "அவரு மகன் இருக்கான்னுதானே தம்பி அங்கன கொண்டுபோய்ப் போட்டோம்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துவர உள்ளே போனார்.