விடையில் தொடங்கிய சுவடி

“எடுத்துக்குங்க, திருமலை லட்டு!” அரபுக் கணித வரலாற்றுப் பேராசிரியை ரோஹிணி ஜெராக்ஸ் கடைக்குள் துள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னா மேடம், ஒரே குஷியா கீறீங்க?” என்றார் கடைக்காரர் முனுசாமி.

“ஆயிரம் வருஷத்து அரபுச் சுவடிய பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணிக் குடுத்தீங்களே, அதை எழுதினவர் விடையில ஆரம்பிச்சு, பக்கம் பக்கமாப் பின்னால போய், கேள்வியில முடிச்சிருக்கார்! உலகத்துலயே புது முறை! என் கட்டுரை இன்னிக்கு அச்சுல வந்துடுச்சு!”

அரபு நூல்களை வலப்பக்கத்திலிருந்தே திறந்து பழகிய கைகளால் நூலைத் திறந்து, “இதோ முதல் பக்கம், விடை!” என்று காட்டினார்.

முனுசாமி பாதி கடித்த லட்டைக் கீழே வைத்தார்.

“மேடம், அது கடைசிப் பக்கம். நம்ம ஊரு புக்கு மாதிரிதானே மொதல் பக்கத்த இந்தாண்ட, இடது பக்கமா வெச்சு ஸ்பைரல் போட்டேன்!”