கழற்றிய சுவிட்ச்

பழைய காரை எவனும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று சவரிமுத்து அதில் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்திருந்தார். அதைக் கீழே தட்டிவிட்டால் வண்டி கிளம்பாது. அது இருக்கும் இடத்தை மனைவி ஜெசிந்தாவுக்கும் சொன்னதில்லை. இருபது வருடத்தில் ஒரு திருடனும் வரவில்லை. கீரனூரிலுள்ள அம்மா வீட்டுக்குப் போக அவள் சாவியை எடுக்கும் நாட்களில் மட்டும் வண்டி மக்கர் செய்யும்.

"வண்டிக்கே ஒங்கம்மா வீடு பிடிக்கல பாரு" என்பார்.

அவரைப் புதைத்த மறுவாரம், மெக்கானிக் பாண்டியராஜ் சீட்டுக்கடியில் சுவிட்சைக் கண்டுபிடித்துக் கழற்றிக் கொடுத்தான்.

"ஒயர நேரா சேத்துட்டேன்க்கா. இனி ஒங்கள யாரு தடுக்கப் போறா?"

ஜெசிந்தா சுவிட்சைச் சமையலறை டிராயரில் போட்டாள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் அவர் கல்லறைக்கும் வண்டி ஒழுங்காக ஓடியது.

ஞாயிறு மதியம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்குத் தூக்குவாளியில் ரசம் ஊற்றிக்கொண்டு சாவியை எடுத்தாள். சமையலறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி கிளம்பவில்லை.

திரும்பி வந்து டிராயரைத் திறந்தாள். ஒயர் இல்லாத சுவிட்ச் கீழ்ப்பக்கம் தட்டப்பட்டுக் கிடந்தது.

"இன்னுமா?" என்றாள்.

மேலே தள்ளி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலையும் சேர்த்துக்கொண்டு அது மெதுவாகக் கீழே இறங்கியது.