சலோமி கேட்ட நுங்கு

வேதமாணிக்கம் பனையேறி. முப்பது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் கால் மரத்தில் பட்டதில்லை. ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம் சபை அவனைத் திரும்பிப் பார்க்கும். அவன் தலை குனிந்துகொள்வான், உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டு நாளாகக் காய்ச்சலில் எதையும் வாயில் வைக்காமல் கிடந்த மகள் சலோமி, “நுங்கு வேணும்பா” என்றாள். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பனை குலை தள்ளி நின்றது.

“இன்னைக்கு ஏறக்கூடாதும்மா. நாளைக்கு விடிஞ்சதும் வெட்டித் தாரேன்.”

“போதகர் ஐயாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டாவது ஏறுங்களேன்” என்று மனைவி எஸ்தர் கெஞ்சினாள். அவன் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டான். சலோமி சரியென்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆராதனை முடிந்து அவன் வந்தபோது எஸ்தர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, போதகர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. பச்சப்பிள்ளைக்காக ஏறுன்னுதானே சொல்லியிருப்பேன்.”

வேதமாணிக்கம் புதுமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும் ஐயா. ஏறச் சொல்லிருவீங்கன்னு தெரியும். அதான் கேக்க வரல.”