கொமாண்டோ பேசிய பாஷை

பாரிசில், ரூ காய் என்ற தெருவிலுள்ள தமிழ்ப் பலசரக்குக் கடைக்குள் பனைமரம்போல ஒரு பிரெஞ்சுக்காரன் நுழைந்தான். "அண்ணை, துவக்கைக் கீழை வையுங்கோ. தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்," என்றான், அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில். கடையில் ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை.

சனம் வாயைப் பிளந்தது. கடைக்கார றெமிஜியஸ் நிறுத்துக்கொண்டிருந்த கத்தரிக்காய்கள் தராசிலிருந்து உருண்டோடின.

"எங்கை படிச்சனீங்கள்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கொமாண்டோப் படையிலை. ஆப்கானிஸ்தான் சண்டைக்குப் போக முதல், அந்த நாட்டுப் பாஷை பஷ்தூவைப் படிப்பிக்க எண்டு, ஒரு கொம்பனி எங்களுக்கு மாஸ்ரர் ஒராளை அனுப்பினது. தாடிக்காரன், காபூல் ஆள் எண்டவர். நாலு வருசம் அங்கை ஊரூராய் இதைத்தான் கதைச்சன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. போன கிழமை மெற்றோவிலை ரெண்டு பொம்பிளையள் கதைக்கத்தான், இது தமிழ் எண்டு தெரிஞ்சது. அவையள்தான் இந்தத் தெருவைக் காட்டினவை."

றெமிஜியஸ் மழித்த முகவாயைத் தடவினார். "அதாலை... ஆரும் செத்தவையோ?"

"இல்லை. ஊர்ச்சனம் எனக்கு விசர் எண்டு நினைச்சு, துவக்கை வைச்சிட்டுத் தேத்தண்ணி தந்தவை. நாங்கள் போன ஊருகளிலை மட்டும் ஒரு வெடியும் வெடிக்கேல்லை. பதக்கமும் கிடைச்சது."

றெமிஜியசுக்கு மூச்சு வந்தது. "அந்த மாஸ்ரரும் பாவம். விசா இல்லாத காலமாயிருக்கும், கிடைச்ச வேலையைப் பிடிச்சிருப்பார். மன்னிச்சு விடுங்கோ."

"மன்னிக்கிறதோ? அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்." கொமாண்டோ கத்தரிக்காய்களைப் பொறுக்கித் தராசில் வைத்து, றெமிஜியசின் முகத்தைப் பார்த்தான். "தாடியை வழிச்சால் குரல் மாறுமோ, மாஸ்ரர்? வாற திங்கள் வகுப்புத் துவங்குது. இந்தமுறை வேறை நாடு, வேறை சண்டை. படைக்குப் பாஷை மட்டும் இதேதான் வேணுமாம்."